மொம்பாசாவும் இந்தியரும்

கிழக்கு ஆப்பிரிக்க இந்தியர் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இருப்புப்பாதை. ஆங்கிலேயர் உகாண்டாவை நோக்கி ரயில் பாதை போட்டனர். அதற்குக் கூலியாட்களை இந்தியாவிலிருந்து கப்பலேற்றினர். அவர்களுடைய சந்ததியாரே இன்று அங்கே கடை வைத்து வாழ்கின்றனர் என்பது பலரும் சொல்லிவரும் கதை. கென்ய நாட்டின் பெருந்துறையாகிய மொம்பாசாவில் சில நாட்கள் நடந்து பார்ப்பவர்களுக்கு இக்கதை மிகவும் குறுகியது என்பது விளங்கிவிடும்.

மொம்பாசா ஒரு தீவு. மேற்கே சாலையும், வடகிழக்கே நியாலிப் பாலமும், தெற்கே லிக்கோனித் தோணித்துறையும் அதனைப் பெருநிலத்தோடு இணைக்கின்றன. காலை வேளையில் லிக்கோனித் துறையில் நின்றால், ஒவ்வொரு மிதவைக் கப்பலும் ஒரு சிற்றூரையே கரையில் இறக்கிவிட்டுச் செல்வது போல் தோன்றும். தீவுக்குத் துறைகள் இரண்டு. மேற்குப் புறத்தில் உள்ளது கிலிந்தினி. பெயருக்கே ஆழமான நீர் என்று பொருள். உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் போகும் சரக்குகூட அங்கேதான் இறங்குகிறது. கிழக்குப் புறத்தில் உள்ளது பழைய துறை. அங்கே இரைச்சல் குறைவு; குறுகிய தெருக்கள், செதுக்கு வேலை செய்த கதவுகள், மரத்தாலான மாடி முகப்புகள். வரலாறு தேடிச் சென்ற நாம் அங்கிருந்தே தொடங்கினோம்.

இப்பழைய துறையைக் காற்றுதான் உண்டாக்கியது எனலாம். சுவாஹிலி மக்கள் வடகிழக்குப் பருவக்காற்றைக் 'கஸ்காசி' என்றும், தென்மேற்குக் காற்றைக் 'கூசி' என்றும் அழைக்கின்றனர். வாடை, சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டு வழங்கும் நம் கரையோர மக்களுக்கு இது புதிதன்று. மார்கழியை ஒட்டிக் கஸ்காசி வலுக்கும். கட்ச், கத்தியவார், அரேபியக் கரைகளிலிருந்து பாய்க்கப்பல்கள் அதனைப் பற்றிக்கொண்டு தென்மேற்கே ஓடிவரும். சித்திரையில் காற்றுத் திரும்பினால் தந்தமும் கொப்பரையும் கண்டல் மரக் கழிகளும் ஏற்றிக்கொண்டு அவை வீடு திரும்பும். இடைப்பட்ட மாதங்களில் வணிகன் அவ்வூரில் தங்கியே ஆகவேண்டும். அவனுக்குத் தங்க ஓர் இடம் வேண்டும், நம்பிக் கடன் கொடுக்க ஆள் வேண்டும், பேச ஒரு மொழி வேண்டும். ஆண்டுதோறும் விருந்தினராக வந்தவர்களுள் சிலர் ஏதோ ஓர் ஆண்டில் திரும்பாமல் நின்றுவிடுவது இயல்புதானே!

இவ்வழி மிகப் பழையது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூலை, முசிறியைப் பற்றிக் கூறுவதனால் நாம் அறிவோம். அதே நூல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை 'அசானியா' என்று குறிப்பிட்டு, அதன் கடைசிச் சந்தையாகிய ராப்தாவுக்கு அங்கே வழங்கிய தைத்த படகுகளால் அப்பெயர் வந்தது என்கிறது. ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்யும் அம்முறையையே சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளிலும் கையாண்டனர். 1331-இல் மொம்பாசாவுக்கு வந்த இபன் பதூதா, அங்குள்ளோர் வாழைப்பழமும் மீனும் உண்டு வாழ்வதையும், தானியத்தை வெளியிலிருந்து தருவிப்பதையும், பள்ளிவாசல்கள் மரத்தால் திருத்தமாகக் கட்டப்பட்டிருப்பதையும் எழுதி வைத்தார். கூடவே ஒரு பழத்தையும் குறிப்பிடுகிறார்: 'ஜம்மூன்'. நம் நாவற்பழத்துக்கு வடநாட்டில் வழங்கும் பெயரே அது. எந்தக் கப்பலில், எவர் மடியில் அதன் கொட்டை கடல் கடந்ததோ!

1498 ஏப்ரலில் வாஸ்கோ ட காமா மொம்பாசாவை அடைந்தார். அங்கே அவருக்கு வரவேற்பு நன்றாக இல்லை. வடக்கே மாலிந்திக்குச் சென்றபோது, அத்துறையில் இந்தியக் கப்பல்கள் முன்னரே நங்கூரமிட்டு நின்றன. அவற்றில் இருந்த இந்துக்களைப் போர்த்துகீசியர் ஏதோ ஒரு வகைக் கிறிஸ்தவர் என்றே எண்ணினர். மாலிந்தியில் கிடைத்த வழிகாட்டியின் துணையோடுதான் அவர் கோழிக்கோட்டை அடைந்தார். 'இந்தியாவுக்கு வழி கண்டவர்' என்று அவரைப் பாடம் செய்யும்போது, அவ்வழியிலேயே அவருக்கு முன் இந்தியர் நின்றிருந்ததையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

பழைய துறையின் வாயிலில் நிற்கும் இயேசுக் கோட்டை 1593-இல் தொடங்கி 1596-இல் முடிக்கப்பட்டது. வரைபடம் வகுத்தவர் இத்தாலியரான கைராத்தி. கல் அடுக்கியோர் கோவாவிலிருந்து வந்த கொத்தரும் உள்ளூர் உழைப்பாளரும். பவளப்பாறையாலான அச்சுவர்களின்மேல் நாம் கை வைத்துப் பார்த்தபோது, இத்தனை நூற்றாண்டுக் கடற்காற்றும் அரிக்க இயலாத உறுதி தெரிந்தது. 1696 மார்ச்சில் ஓமானிய அரபியர் இக்கோட்டையை முற்றுகையிட்டனர். முற்றுகை 33 மாதம் நீடித்தது. பட்டினியும் கொள்ளைநோயும் உள்ளிருந்தோரை உருக்கின. உதவிக்கு வந்து 1697-இல் கோட்டைக்கு எதிரிலேயே மூழ்கிய 'சாந்தோ அந்தோனியோ த தானா' என்ற போர்க்கப்பல், நம் மேற்குக் கரையில் வசாயில் கட்டப்பட்டதாகும். 1698 டிசம்பரில் கோட்டை விழுந்தது. கோவாவிலிருந்து அனுப்பிய அடுத்த உதவி சில நாட்கள் கழித்து வந்து, கொடிமரத்தில் வேற்றுக் கொடி பறக்கக் கண்டு திரும்பிற்று. ஆங்கிலேயர் பின்னாளில் இதனைச் சிறைச்சாலை ஆக்கினர். 1958-இல் சிறை அகன்று, பின்னர் அருங்காட்சியகம் அமைந்தது.

இனி இருப்புப்பாதைக்கு வருவோம். 1896-இல் மொம்பாசாவில் தொடங்கிய வேலை 1901-இல் விக்டோரியா ஏரியை எட்டியது. இதற்காக ஏறக்குறைய 32,000 தொழிலாளர், பெரும்பாலும் பஞ்சாபியர், ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டனர். சாவோ ஆற்றுப் பாலத்தருகே 1898-இல் இரண்டு சிங்கங்கள் தொழிலாளரைத் தின்ற கதை உலகெங்கும் பரவியுள்ளது. அச்சிங்கங்களுக்குச் சிகாகோ அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டியும் கிடைத்தது. அவை கொன்ற இந்தியத் தொழிலாளர், பாலப் பொறியாளரின் கணக்குப்படி, 28 பேர். பாதை வேலையில் மாண்ட இந்தியர் மொத்தம் 2,493 பேர். காய்ச்சலுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் யார் கண்ணாடிப் பெட்டி செய்வார்? ஒப்பந்தம் முடிந்ததும் பெரும்பாலோர் தாயகம் திரும்பினர். தங்கியோர் சுமார் 6,700 பேரே.

ஆகவே, இன்று நாம் அங்கே காணும் குஜராத்தி, கட்சி வணிகக் குடும்பங்களில் பெரும்பாலானவை தண்டவாளம் சுமந்து வந்தவை அல்ல. தாமே கப்பற்கூலி கொடுத்து வந்தவை. கட்சிலிருந்து சிறுவனாக வந்த அல்லிதினா விஸ்ராம், ரயில் நகர நகர அதன் ஓரத்தில் கடைகள் திறந்துகொண்டே போனார். அவர் பெயரில் ஓர் உயர்நிலைப்பள்ளி மொம்பாசாவில் இன்றும் நடக்கிறது. ஆங்கிலக் கம்பெனி 1888-இல் வெளியிட்ட நாணயத்தில் மொம்பாசா என்று பொறித்திருந்தாலும், அது ரூபாயாகவே இருந்தது. 1920 வரை அப்பகுதியில் ரூபாயே புழங்கிற்று. கடைத்தெருவில் காது கொடுத்துக் கேட்டால் மொழியிலும் கணக்கு விளங்கும். லட்சம் அங்கே 'லாக்கி', வண்டி 'காரி', கோணி 'குனியா', சப்பாத்தி 'சப்பாத்தி'யே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு சொல்லையும் மாற்றாமல் விளங்கிக்கொண்ட அந்தக் கடைத்தெரு பெருமகிழ்ச்சி தந்தது.

மொழி ஏற்றுக்கொண்டவர்களைச் சட்டம் ஏற்பது அவ்வளவு எளிதாக இல்லை. 1963 டிசம்பர் 12-இல் கென்யா விடுதலை பெற்றபோது, அந்நாட்டில் ஏறக்குறைய 1,76,000 ஆசியர் இருந்தனர். குடியுரிமைக்குப் பதிவு செய்ய அவர்களுக்கு இரண்டாண்டு தவணை கொடுக்கப்பட்டது. அதே 1963-இல் மொம்பாசாவின் சமணர் சலவைக்கல்லால் சிகரக் கோயில் ஒன்றை எழுப்பிக் குடமுழுக்குச் செய்தனர். போகும் எண்ணமுடையோர் செய்யும் காரியம் அன்று. எனினும் பலர் பிரிட்டிஷ் கடவுச்சீட்டையே காப்பு என நம்பிப் பதிவு செய்யாதிருந்தனர். 1967-இல் குடிநுழைவு, வணிக உரிமச் சட்டங்கள் வந்து, குடிமக்கள் அல்லாதார் தொழில் செய்வதை நெருக்கின. அவர்கள் லண்டனுக்கு விமானம் ஏறத் தொடங்கவே, 1968-இல் பிரிட்டன் சில நாட்களிலேயே ஒரு சட்டம் இயற்றி அக்கதவையும் சாத்தியது. ஒரே குடும்பத்தில் தந்தைக்கு ஒரு நாட்டுச் சீட்டும், மகனுக்கு வேறு நாட்டுச் சீட்டுமாக நின்ற வீடுகள் உண்டு.

நின்றவர்கள் நின்றார்கள். 2019 கணக்கெடுப்பில் கென்யக் குடியுரிமையுள்ள ஆசியர் சுமார் 47,000 பேர். 2017 ஜூலையில் கென்ய அரசு அவர்களை நாட்டின் 44-ஆவது இனக்குழுவாக அறிவித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு 43-ஆவதாக ஏற்கப்பட்டோர் மக்கொண்டே மக்கள். மொசாம்பிக்கிலிருந்து கென்யக் கடற்கரைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு வந்தவர்களின் வழியினர். அவர்கள் 2016 அக்டோபரில், மொம்பாசாவுக்குத் தெற்கே உள்ள க்வாலேயிலிருந்து தலைநகர் நைரோபியை நோக்கித் தம் விண்ணப்பத்தோடு நடந்தே புறப்பட்டனர்.