கப்பலிலிருந்து பறந்த சாம்சன்

1912 ஜனவரி 10. ஷீர்னெஸ் அருகே நங்கூரமிட்டிருந்த ‘ஆப்பிரிக்கா’ போர்க்கப்பலின் முன்தளத்தில் அமைத்த சாய்பாதையில் ஓடி, வானேறினார் சார்லஸ் சாம்சன். கப்பலிலிருந்து பறந்த முதல் பிரிட்டிஷ் விமானி அவர்தான். அதே ஆண்டு மே மாதம், ஓடிக்கொண்டிருந்த ‘ஹைபர்னியா’விலிருந்தும் கிளம்பிக் காட்டினார்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பிரான்ஸின் டன்கிர்க்கில் விமானங்கள் மட்டும் போதவில்லை. கார்களில் இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்தி, இரும்புத் தகடு போர்த்தி ஜெர்மானியரை விரட்டினார்.

அடுத்து துருக்கியின் கலிப்பொலி போர்முனை. டெனெடோஸ் தீவிலிருந்து அவரது படை உளவு பார்த்தது, குண்டு வீசியது. 1917 ஜனவரியில் அவர் தலைமையேற்றிருந்த ‘பென்-மை-க்ரீ’ கப்பல் துருக்கிய பீரங்கிகளுக்கு இரையானது.

ஆனாலும் மனிதர் அசரவில்லை. 1918 மே மாதம், போர்க்கப்பல் இழுத்துச்சென்ற மிதவையிலிருந்து கேமல் விமானத்தைக் கிளப்ப முயன்று கடலில் விழுந்தார், உயிர் தப்பினார். குறைகளைச் சரிசெய்த பின், ஆகஸ்ட் 11 அன்று அதே முறையில் பறந்த இளம் விமானி ஸ்டூவர்ட் கல்லி, எல்-53 செப்பலின் வான்கப்பலைச் சுட்டு வீழ்த்தினார்.