புகையானும் ஒரு சிவப்பு நெல்லும்

இந்த எபிசோடை குற்றாலத்துல இருந்து தொடங்கலாம்.

ஜூலை மாசம். பேரருவியில குளிச்சிட்டு, தலையைக்கூட சரியா துவட்டாம வெளியில வர்றோம். சாரல் விட்டு விட்டு விழுது. ரோட்டோரத்துல ஒரு அக்கா கரி அடுப்புல மக்காச்சோளம் சுட்டு, உப்பும் மிளகாய்ப்பொடியும் எலுமிச்சம்பழத்துல தொட்டுத் தேய்ச்சுக் கொடுக்கறாங்க. என்கூட வந்த தம்பி ஒருத்தன், சென்னையில ஐ.டி. வேலை பார்க்கிறவன், ஒரு கடி கடிச்சிட்டுக் கேட்டான்: "அண்ணே, இது நாட்டுச் சோளமா?"

அந்த நேரத்துல சிரிச்சிட்டேன். அப்புறம் யோசிச்சா, நல்ல கேள்வி. ஒரு பயிர் எப்ப "நாட்டு"ப் பயிர் ஆகுது? ஒரு மண்ணுல எத்தனை வருஷம் இருந்தா அது அந்த ஊரைச் சேர்ந்ததுன்னு சொல்லலாம்? இன்னைக்குக் கதை இந்தக் கேள்வியில இருந்துதான் வருது.

முதல்ல மக்காச்சோளத்தை முடிச்சிடுவோம். அதோட பிறந்த ஊர் மெக்சிகோ. சுமார் 9,000 வருஷத்துக்கு முன்னாடி தியோசிந்தேங்கிற ஒரு காட்டுப் புல்லுல இருந்து அங்க இருந்த மக்கள் அதை உருவாக்கினாங்க. தாழ்வான சமவெளியில உருவான அந்தப் பயிர் பிறகு குளிர் மலைகளுக்கு ஏறுச்சு. அங்க வேற வகையான ஒரு தியோசிந்தே காடா வளர்ந்து கிடந்தது. ரெண்டும் தானா கலந்துச்சு. மலைச் சோளத்தோட தண்டுல இருக்கிற சிவப்பு நிறம், பூனைமுடி மாதிரி ரோமம் இதெல்லாம் அந்தக் காட்டு உறவுல வந்ததுதான். குளிரைத் தாங்க அது உதவுதுன்னு ஆய்வாளர்கள் கருதறாங்க. அங்க இருக்கிற விவசாயி வருஷா வருஷம் நல்லா நின்ன கதிர்ல இருந்து விதை எடுத்து வைக்கிறார். அதனால அந்தப் பயிர் இன்னமும் மாறிட்டே இருக்கு.

நம்ம பக்கம்? தென்காசி மாவட்டத்தோட கிழக்குல, சங்கரன்கோவில் கரிசல் காட்டுல மக்காச்சோளம் நிறைய போடறாங்க. பெரும்பாலும் எல்லாம் வீரிய ஒட்டு ரகம். விதையை ஒவ்வொரு வருஷமும் கடையில வாங்கணும். 2018-ல அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு இந்தியாவுக்குள்ள வந்தப்போ, அந்தச் சோளத்துக்கு அந்தப் புழுவை எதிர்த்து நின்ன பழக்கமே இல்ல. தம்பி கேட்ட கேள்விக்கு பதில்: இல்லடா, இது நாட்டுச் சோளம் இல்ல.

ஆனா இதே சாரல்ல நனைஞ்சு, இந்த மண்ணுக்காகவே தன்னை மாத்திக்கிட்ட பயிர் ஒண்ணு உண்டு. நெல்லு.

மலையில ஒரு இடைவெளி

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு சுவர் மாதிரி. ஜூன் மாசம் அரபிக்கடல்ல இருந்து வர்ற மேகத்தை அது கேரளாவுலேயே நிறுத்திடும். ஆனா செங்கோட்டை, ஆரியங்காவு பக்கம் அந்தச் சுவர் தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கு. அந்த வழியா கொஞ்சம் மேகமும் நிறைய காத்தும் இந்தப் பக்கம் நழுவி வரும். குற்றாலச் சாரல்னு நாம ரீல்ஸ் போடறது அதைத்தான். அதே ஜூலையில அங்க இருந்து சங்கரன்கோவில் போனா வெயில் மண்டையைப் பிளக்கும்.

இதனால பழைய திருநெல்வேலிச் சீமையில, தென்காசி இருந்ததும் அந்தச் சீமையிலதான், 2019 நவம்பர்லதான் தனி மாவட்டம் ஆச்சு, நெல்லுக்கு ரெண்டு பருவம். தென்மேற்குப் பருவமழையை நம்பி ஜூன்ல தொடங்கறது கார். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசி வாக்குல தொடங்கறது பிசானம். சிற்றாத்துப் பாசனம், தாமிரபரணிப் பாசனம் ரெண்டுலயும் இதுதான் கணக்கு. விதைகளுக்குப் பேரே பருவத்தை வெச்சுத்தான் வந்துச்சு. அதுல ஒண்ணு கார் சம்பா. சிவப்பு அரிசி.

இங்க ஒண்ணு கவனிக்கணும். பழைய நெல் ரகம்னு நாம சொல்றது இன்னைக்குக் கடையில வாங்கற விதை மாதிரி ஒரே அச்சுல வார்த்தது கிடையாது. ஒரு வயல்ல இருக்கிற ஆயிரம் செடியும் பார்க்க ஒண்ணு போல இருக்கும். உள்ள மரபணுவுல சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். ஒரு வருஷம் தண்ணி இல்ல. ஒரு வருஷம் நோய். ஒரு வருஷம் பூச்சி. ஒவ்வொரு தடவையும் சில செடி சாகும், சில செடி நிக்கும். நின்னதுல இருந்து விதை எடுத்து குலுக்கையில போட்டு வெப்பாங்க. அவங்க மரபணுன்னு கேள்விப்பட்டதே இல்ல. ஆனா செஞ்சது தேர்வு. நூத்துக்கணக்கான வருஷம், வருஷத்துக்கு ஒரு தேர்வு.

அம்பையில இருந்து மணிலா பக்கம்

1937-ல அம்பாசமுத்திரத்துல ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினாங்க. தென்காசியில இருந்து பஸ்ல கொஞ்ச நேரம்தான். அங்க இருந்து வந்த ரகங்களுக்கு ஏ.எஸ்.டி.ன்னு பேரு போட்டு நம்பர் கொடுத்தாங்க. நம்ம ஊர்ல இட்லிக்கு வாங்கற அம்பை 16 தெரியுமில்ல? 1986-ல வந்த ஏ.எஸ்.டி. 16 தான் அது. அதுக்கு ரொம்ப முன்னாடி வந்த ஒரு நம்பர், ஏ.எஸ்.டி. 7. பதிவேட்டுல அதோட இன்னொரு பேர்: சிவப்புக் கார் சம்பா.

இப்ப கொஞ்சம் தள்ளிப் போவோம். பிலிப்பைன்ஸ்ல, மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பான்யோஸ்ங்கிற ஊர்ல 1960-ல சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்குது. 1966-ல ஐ.ஆர். 8 வருது. குட்டைப் பயிர், உரம் போட்டா சாயாது, விளைச்சல் கொட்டும். பஞ்சத்தோட விளிம்புல நின்ன ஆசியாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு இன்னைக்கு உட்கார்ந்துட்டு நாம லேசா பேசிடக் கூடாது.

ஆனா அது கூடவே வேற ஒண்ணும் வளர்ந்துச்சு. நெருக்கமான நடவு, நிறைய தழைச்சத்து, வருஷம் பூரா நெல்லு, அதுமேல பூச்சிமருந்து. மருந்து அடிச்சதுல வயல்ல இருந்த சிலந்தியும் மத்த நல்ல பூச்சியும் முதல்ல செத்துச்சு. அந்த இடத்துல பெருகினது புகையான். தண்ணிக்குக் கொஞ்சம் மேல, தூர்ல உட்கார்ந்து சாறு உறிஞ்சற பழுப்பு நிறப் பூச்சி. வட்ட வட்டமா பயிர் காஞ்சு, புகை பட்டுக் கருகின மாதிரி ஆகிடும். அதான் அந்தப் பேரு. 1973-74-ல மலைக்கு அந்தப் பக்கம் குட்டநாடு இதால பெரிய அடி வாங்குச்சு.

லாஸ் பான்யோஸ்ல உலகம் பூரா இருந்து வந்த நெல்லையெல்லாம் தட்டுல வரிசையா முளைக்க வெச்சு, அதுமேல புகையானை விட்டுப் பார்த்தாங்க. சில நாள்ல தட்டு பழுத்துக் காயும். நடுவுல எங்கேயோ ஒரு வரிசை மட்டும் பச்சையா நிக்கும். அப்படி நின்னதுல பெரும்பாலானவை தென்னிந்தியாவுல இருந்தும் இலங்கையில இருந்தும் போனவை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ஜப்பான் குளிர்காலத்துல புகையான் உயிரோட இருக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் காத்துல பறந்து புதுசா வரணும். நம்ம ஊர்ல அதுக்கு லீவே கிடையாது. எதிரி கூடவே இருந்த இடத்துலதான் நெல்லு சண்டை கத்துக்கிட்டிருக்கணும்.

1971-ல அத்வால், பாதக் குழுவினர் ரெண்டு மரபணுவை அடையாளம் காட்டினாங்க. இந்தியாவுல இருந்து போன முட்கோங்கிற ரகத்துல ஒண்ணு. ஏ.எஸ்.டி. 7-ல இன்னொண்ணு, பி.பி.எச். 2. திருநெல்வேலிச் சீமையோட சிவப்பு நெல்லு, உலக மரபியல் பாடத்துல ஏறின நாள் அது.

பூச்சியும் படிக்கும்

1973-ல முதல் மரபணுவை வெச்சு ஐ.ஆர். 26 வெளியிட்டாங்க. ரெண்டு மூணு வருஷம்தான். புகையான் அதைத் தாண்டிடுச்சு. 1976-ல ரெண்டாவது மரபணுவோட ஐ.ஆர். 36 வந்துச்சு. 1980-களோட தொடக்கத்துல அது சுமார் 1.1 கோடி ஹெக்டேர்ல நின்னுச்சு.

இங்க ஊர்ப் பெருமைக்காகக் கதையை வளைக்க மாட்டேன். ஐ.ஆர். 36-க்குள்ள போன பி.பி.எச். 2 அம்பையில இருந்து போனது இல்ல. அது கேரளாவுல பட்டாம்பி நிலையத்து நெல்லோட வம்சத்துல வந்தது. அன்னைக்கு அது மெட்ராஸ் மாகாணத்து நிலையம்; அதுவும் இன்னொரு கணவாய்க்கு, பாலக்காட்டுக் கணவாய்க்கு, மேற்கே இருக்கிற ஊர். மலைக்கு ரெண்டு பக்கத்துலயும் ஒரே ஆயுதம் இருந்திருக்கு.

ஏ.எஸ்.டி. 7-க்கு கிடைச்ச வேலை வேற. அது அளவுகோல் ஆச்சு. ஒரு வயல்ல இருக்கிற புகையான் எந்த வகைன்னு தெரியணுமா? முட்கோவையும் ஏ.எஸ்.டி. 7-ஐயும் முன்னாடி வை. முட்கோவைக் கொன்னா அது ரெண்டாம் வகை. ஏ.எஸ்.டி. 7-ஐக் கொன்னா மூணாம் வகை. ஆசியா பூரா பூச்சி ஆய்வாளர்கள் எதிரியோட பலத்தை அம்பை நெல்லை வெச்சு அளந்தாங்க.

2014-ல ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த மரபணுவையே பிரிச்செடுத்து வேலையைப் புரிஞ்சுக்கிட்டாங்க. பூச்சி ஊசி வாயைச் சாறு ஓடற குழாய் வரைக்கும் கொண்டு போகும். ஆனா உறிஞ்ச முடியாது. சாப்பாடு முன்னாடி இருக்க, பட்டினி.

அந்தப் பூட்டையும் இன்னைக்கு ஆசியாவோட பல இடத்துல புகையான் திறந்துடுச்சு.

எனக்கு இந்தக் கதையில முக்கியமா படறது இந்த இடம்தான். பாரம்பரிய ரகம்னா உள்ள ஒரு புதையல் இருக்கு, எடுத்துட்டா போதும்னு நாம நினைக்கிறோம். கோடி ஏக்கர்ல ஒரே பூட்டைப் போட்டா, பூச்சி ஒரே ஒரு சாவி செஞ்சா போதும். பழைய வயலோட பலம் அந்த ஒரு மரபணு மட்டும் இல்ல. பல மாதிரி செடி கலந்து நின்னது, சிலந்தி உயிரோட இருந்தது, வருஷா வருஷம் விதை மாறினது எல்லாம் சேர்ந்ததுதான். இந்தோனேசியா இதை அடிபட்டுக் கத்துக்கிச்சு. 1986-ல நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிமருந்துகளை ஒரே ஆணையில தடை செஞ்சுது.

விதை வங்கியில இருக்கிற ஏ.எஸ்.டி. 7 உறைகுளிர்ல பத்திரமா இருக்கு. ஆனா அது தூங்குது. வெளியில புகையான் தூங்கல. மழை மாறிட்டிருக்கு, வெயில் ஏறிட்டிருக்கு, அந்த விதைக்கு எதுவும் தெரியாது. வயல்ல இருந்தாத்தான் விதை பாடம் படிக்கும்.

அதுக்காக எல்லாரும் கார் சம்பாவுக்குத் திரும்புங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பழைய உயர நெல்லு சாயும், விளைச்சல் கம்மி. அம்பை 16 போட்டுக் கடன் அடைச்சவரை நான் எந்த வாயால குறை சொல்றது? ஆனா ஊருக்கு நாலு பேர், மூலையில ஒரு சின்னப் பாத்தியில பழைய விதையை ஓட விட்டா, அந்த நாலு பேரோட நஷ்டத்தை மட்டும் அவங்க தலையில கட்டக் கூடாது. 2001-ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் இந்தப் பங்களிப்பை ஒத்துக்குது. விவசாயி தன் ரகத்தைப் பதிவு செய்யலாம், பலன்ல பங்கு கேட்கலாம். ஆனா கார் சம்பா கடல் தாண்டினப்போ அப்படி ஒரு சட்டமே கிடையாது. அதைக் காப்பாத்தி வெச்சவங்க பேரு எந்தப் பதிவேட்டுலயும் இல்ல. நம்பர் மட்டும் இருக்கு. ஏழு.

திரும்பி வர்ற வழியில, சிற்றாத்தை ஒட்டின வயல்ல கார் நடவு நடந்துட்டிருந்துச்சு. தம்பி காரை நிறுத்தச் சொன்னான். வரப்புல இறங்கி, அங்க நின்ன பெரியவர்கிட்ட, "தாத்தா, இது என்ன நெல்லு?"ன்னு கேட்டான்.

"அம்பை பதினாறு."

"முன்னாடி என்ன போடுவீங்க?"

அவர் கொஞ்ச நேரம் மேற்கே மலையைப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு பேரா சொல்ல ஆரம்பிச்சார். தம்பி போனை எடுத்து எழுதிக்கிட்டான். சாரல்ல ஸ்க்ரீன் நனைஞ்சு சரியா வேலை செய்யல. ஆனாலும் விடல.

உங்க வீட்டுல பேர் ஞாபகம் இருக்கிறவங்க யாராவது இருந்தா, இந்த வாரம் கேட்டு எழுதி வைங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.