ஒரே வகுப்பில் பல கருவிகள்

அமெரிக்க நாட்டின் கொலம்பஸ் நகரில், 12 முதல் 15 வயதுச் சிறார்க்கென இடைநிலைப் பள்ளி 1909-இல் தோன்றியது. இசைக்கருவிப் பயிற்சியோ, தனி ஆசிரியருக்குப் பொருள் கொடுக்க வல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் உரியதாயிருந்தது. இங்கிலாந்துப் பள்ளிகளில் பிள்ளைகள் கூட்டமாக வயலின் பயில்வதை 1910-இல் சென்று ஆராய்ந்த ஆல்பர்ட் மிட்செல், அம்முறையைப் பாஸ்டன் நகருக்குக் கொணர்ந்தார்.

வயலின் மட்டுமாயின் எளிது. பாண்டு வாத்தியத்திலோ கருவிகள் பல. ஏட்டில் ‘சி’ என்னும் சுரத்தைக் கண்டு கிளாரினெட் ஊதினால் பி-பிளாட் ஒலிக்கும். ஆல்ட்டோ சாக்ஸபோனில் ஈ-பிளாட். புல்லாங்குழலில் ‘சி’யே ஒலிக்கும். “எல்லோரும் சி வாசியுங்கள்” என்று ஆசிரியர் பணித்தால் வகுப்பு என்னாகும்! கரும்பலகையின் முன் காலங்கழித்த எனக்கு, அதனை எண்ணவே நடுக்கமாயிருக்கிறது.

ஜோசப் மேடியும் தாடியஸ் கிடிங்சும் 1923-இல் வெளியிட்ட ‘யுனிவர்சல் டீச்சர்’ என்னும் பாடநூல் இதற்கு வழிகண்டது. ஒவ்வொரு கருவிக்கும் தனி ஏடு. அதனதன் இயல்புக்கேற்பச் சுரம் மாற்றி எழுதப்பட்டது. எனவே வகுப்பு முழுவதும் ஒரே மெட்டினை ஒருங்கே வாசிக்கலாயிற்று. வறண்ட சுரவரிசைகளினும், பிள்ளைகள் முன்பே அறிந்த எளிய பாடல்களுக்கே அந்நூல் முதலிடம் தந்தது. இதனையே யான் பெரிதும் மதிக்கிறேன்.

அவ்வாண்டே சிகாகோவில் பள்ளிப் பாண்டுகளின் தேசியப் போட்டி நடைபெற்றது. நடத்தியோர் யார்? கருவிகளைச் செய்து விற்போர்! வாணிப நோக்கம் வெளிப்படை. 1926-இல் இசையாசிரியர்களின் மாநாட்டுக் குழுவே போட்டியைத் தன் பொறுப்பில் ஏற்றது.