கள்ளத்தோணி என்று ஒரு சொல்

2020-ல் நெட்ஃபிளிக்ஸில் 'இமிக்ரேஷன் நேஷன்' என்று ஆறு பகுதி ஆவணத் தொடர் ஒன்று வந்தது. அமெரிக்கக் குடியேற்றத் துறை அதிகாரிகள் வீடு வீடாகக் கதவைத் தட்டுவதையும், அப்பா ஒரு பக்கம் பிள்ளை ஒரு பக்கம் என்று குடும்பங்கள் பிரிவதையும் காட்டுகிறது. பார்த்துவிட்டு அமெரிக்காவைத் திட்டுவது சுலபம். ஆனால் இதே மாதிரி ஒரு கதை நம் தமிழர்களுக்கும் நடந்திருக்கிறது. அதன் மிச்சம் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1820-களில் காப்பித் தோட்டங்களுக்காகவும், பிறகு தேயிலைக்காகவும் வெள்ளைக்காரர்கள் தமிழகக் கிராமங்களிலிருந்து இலங்கைக்கு ஆள் திரட்டினார்கள். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கத்து ஏழை ஜனங்கள் போனார்கள். ஆரம்ப காலத்தில் மன்னாரில் இறங்கி காட்டு வழியே மலைக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் இறந்தவர்கள் ஏராளம். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் மருத்துவப் பரிசோதனை செய்து, பதிவு செய்து அனுப்பினார்கள். யாரும் திருட்டுத்தனமாகப் போகவில்லை என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1948 பிப்ரவரியில் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தந்தையும் அங்கே பிறந்தவர் என்று நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்த கூலிக்காரரிடம் ஏது பிறப்புச் சான்றிதழ்? சுமார் 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடமே ஓட்டும் போனது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்திருந்தது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறகு படை வந்தது. 1952-ல் 'ஆபரேஷன் மாண்டி' என்ற பெயரில், தென்னிந்தியாவிலிருந்து படகில் வருபவர்களைப் பிடிக்க ராணுவமும் கடற்படையும் இறக்கப்பட்டன. 1963-ல் அது கள்ளக் குடியேற்றத் தடுப்புக்கான தனிப்படையாக விரிந்து 1981 வரை நீடித்தது. 'கள்ளத்தோணி' என்ற வசவு, படகில் வந்தவரோடு நிற்கவில்லை. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தவரின் பேரனையும் அப்படியே அழைத்தார்கள்.

1964 அக்டோபர் 30-ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. கணக்கு இதுதான்: மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! அந்த மிச்சத்தை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சொத்துப் பாகம் பிரிப்பது போல மனிதர்களைப் பிரித்தார்கள். அந்த மனிதர்களை யாரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை என்று வீடுகள் உடைந்தன. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

இங்கே வந்தவர்களுக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் (டான்டீ), கடன் தர ரெப்கோ வங்கி என்று சில ஏற்பாடுகள் நடந்தன. பலருக்கு எதுவும் சரியாக அமையவில்லை. இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'. அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர்!

1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகள் வந்தார்கள். ஈழத் தமிழரோடு மலையகத் தமிழரும் கணிசமாக இருந்தார்கள். தாத்தாவைப் பரிசோதித்து அனுப்பிய அதே மண்டபத்தில் பேரன் அகதியாகப் பதிவு செய்துகொண்டான். எங்கள் பக்கத்தில் கும்மிடிப்பூண்டி, புழல் என இரண்டு முகாம்கள். 2021-ல் 'அகதிகள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். அது நல்ல விஷயம்தான். ஆனால் குடியுரிமை?

நம் சட்டத்தைப் பாருங்கள். 1987 ஜூலை முதல் இந்தியாவில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. முகாமிலேயே பிறந்து, நம்மோடு படித்து, நம்மைப் போலவே பேசுகிற பிள்ளைக்கு இதில் எந்த வாசலும் இல்லை. 2019 திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு சின்ன ஆறுதல் வந்தது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்று மத்திய அரசு உத்தரவிட்டது. தண்டனை இல்லை, அவ்வளவுதான். குடியுரிமை அதில் இல்லை.

இலங்கை கூட 2003-ல் தன் நாடற்றவர்களுக்குச் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்துவிட்டது. "உன் அப்பா எங்கே பிறந்தார்?" என்று 1948-ல் கொழும்பு கேட்டதை அநியாயம் என்று நாம் சரியாகவே சொன்னோம். அதே கேள்வியை இன்று கும்மிடிப்பூண்டியில் பிறந்த பிள்ளையிடம் கேட்பது நாம்தான் நண்பர்களே.