சில்லு உறுமத் தொடங்கினால்: பழைய காரின் பெயாரிங்கை எப்போது, எப்படி மாற்றுவது?

பழைய கார் வைத்திருக்கும் எம்மவர் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமானையும் முற்றாக உடையும்வரை கழற்றி, கழுவி, மறுபடி பூட்டுவது. 1990 இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தபோது, வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டது அது. ஒஸ்டினும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். உதிரிப்பாகம் வேண்டுமென்றால் ஓடாத இன்னொரு காரில்தான் கழற்றவேண்டும். அந்தச் சிக்கனத்தில் குறையில்லை. ஆனால் சில்லுப் பெயாரிங்குக்கு அது ஓர் எல்லைவரைதான் பொருந்தும். அந்த எல்லையைத் தாண்டினால் ஓடும்போதே சில்லு கழன்றுபோகலாம்.

நான் ஹெந்தளையில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது 1980களின் டொயோட்டா கொரோலா டீ.எக்ஸ். வாகன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதுவரை என்னைப் போன்றவர்கள் இருந்ததையே ஓட்டினோம். இங்கே தண்ணீரும் ஒரு தொல்லை. களனி கங்கை பெருகினால் வத்தளை, ஹெந்தளைத் தாழ்நிலங்களில் வெள்ளம் நிற்கும். சில்லின் நடுப்பகுதி அதில் தாழ்ந்தால், ஒயில் சீலைத் தாண்டி ஈரம் உள்ளே போய்விடும். கிறீஸ் பால்போல் வெளுக்கும், உருளைகளில் துரு ஏறும். சத்தம் பல நாட்கள் கழித்தே கேட்கும்.

கண்டுபிடிப்பது

வேகம் கூடக்கூட உறுமலும் கூடும். இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் பெருத்தால், பெரும்பாலும் வலப்பக்கச் சில்லில்தான் கோளாறு. பாரம் அந்தப் பக்கம் சாய்வதே காரணம். வீதியின் தரை மாறும்போது சத்தமும் மாறினால் முதலில் ரயரைப் பாருங்கள்.

மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, காரை ஜக்கில் உயர்த்தி, ஸ்டாண்டில் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பவேண்டாம். சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் நின்றால் பெயாரிங்தான். நிற்காவிட்டால் போல் ஜொயின்ற் போன்றவற்றைப் பார்க்கவேண்டும்.

கழுவலாமா, எறியவேண்டுமா?

என் காரைப் போன்ற பின்சில்லு இழுவைக் கார்களின் முன்சில்லில், உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக இரண்டு கூம்பு உருளைப் பெயாரிங்குகள் உண்டு. பிரேக் கலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கக்கூடாது. மூடி, கொட்டர் பின், நட் ஆகியவற்றைக் கழற்றினால் ஹப் வெளியே வரும்.

பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி உலரவிட்டு, வெளிச்சத்தில் பாருங்கள். உருளைகளும் வளையமும் ஒரே சீராக மினுங்கினால், புதுக் கிறீஸும் புது ஒயில் சீலும் போட்டு மறுபடி பூட்டலாம். சிறு குழி, செதில், துருத் தழும்பு, சூடேறிய நீலநிறம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் எறியவேண்டியதுதான். உருளைகளை மாற்றும்போது ஹப்பினுள் இறுகியிருக்கும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றவேண்டும். பழைய வளையத்தில் ஓடும் புது உருளைகள் விரைவில் கெட்டுவிடும்.

பழைய பெயாரிங்கில் பொறித்த எண்ணைப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் காட்டினால் பொருத்தமானது கிடைக்கும். பாவித்த பெயாரிங் மலிவென்று வாங்கவேண்டாம்.

பூட்டுவது

புது வளையத்தைச் சரியாமல், சுற்றிவரச் சமமாகத் தட்டி இறக்குங்கள். அடியில் உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும். உள்ளங்கையில் வெப்பம் தாங்கும் கிறீஸை எடுத்து, உருளைகளின் இடைவெளி முழுதும் நிரம்பும்வரை அழுத்துங்கள்.

நட்டை இறுக்குவதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். ஹப்பைச் சுழற்றியபடி இறுக்கி, பெயாரிங்கை இருத்தி, பிறகு தளர்த்தி, கைவிரலால் மட்டும் மறுபடி இறுக்கவேண்டும். மிக இறுகினால் பெயாரிங் சூடேறிக் கருகும். எப்போதும் புதிய கொட்டர் பின்தான் போடவேண்டும். சுமார் 100 கிலோமீற்றர் ஓடியபின் ஆட்டத்தை மறுபடி பாருங்கள்.

புதிய முன்சில்லு இழுவைக் கார்கள் பலவற்றில் பெயாரிங் அழுத்திப் பொருத்தியதாக இருக்கும். அதற்குப் பிரஸ் இயந்திரம் உள்ள கராஜே வேண்டும்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர். குடும்பத்தோடு ஏ-9 வீதியில் ஏறுமுன், நான்கு சில்லுகளையும் உயர்த்தி ஆட்டிப் பார்க்க அரை மணித்தியாலம் போதும்.