ஆபத்தான புத்தகம், யாருக்கு?

1959இல் கல்கத்தாவிலிருந்து வந்த 'மகாபோதி' இதழ், அண்ணல் அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு ஒரு மதிப்புரை வெளியிட்டது. இது ஆபத்தான புத்தகம் என்றார் மதிப்புரைக்காரர். கர்மம், அகிம்சை பற்றி அம்பேத்கர் சொல்வது சரியான பௌத்த விளக்கம் அல்ல என்றார். அம்பேத்கரின் பௌத்தம் வெறுப்பின்மேல் நிற்கிறது, புத்தருடையது கருணையின்மேல் நிற்கிறது என்றார். அரசியல் ஆசைக்காக தம்மம் அல்லாததை தம்மம் என்று போதித்திருக்கிறார், ஆகவே தலைப்பை 'அம்பேத்கரும் அவர் தம்மமும்' என்று மாற்ற வேண்டும் என்றும் யோசனை சொன்னார். ரங்கூனிலிருந்து வந்த 'லைட் ஆஃப் தம்மா' இதழ் இவ்வளவு சூடாக இல்லை. எழுதியவர் பெரிய மனிதர், ஆனால் புத்தகம் பெரிய புத்தகம் அல்ல என்றது. தனக்கு ஒத்துவராத இடங்களை எல்லாம் பிக்குகள் பின்னால் சேர்த்தவை என்று தள்ளிவிட்டார் என்றும் குற்றம் சாட்டியது.

பதில் சொல்ல எழுதியவர் உயிரோடு இல்லை. 1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார். புத்தகம் 1957இல்தான் வந்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பௌத்தர்களுக்கு எல்லோரும் படிக்கத்தக்க ஒரே நூல் வேண்டும் என்று அம்பேத்கர் 1950இல் ஒரு கட்டுரை எழுதினார். அதை வெளியிட்டது இதே மகாபோதி இதழ்தான். நூல் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இடம் கொடுத்த பக்கமே, நூல் வந்ததும் ஆபத்து என்றது.

இந்த மதிப்புரைகளை நம்மில் பலர் நேரடியாகப் படித்ததில்லை. தனஞ்சய் கீர் எழுதிய அம்பேத்கர் வரலாற்றில் இவற்றின் சாரம் இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் எடுத்து ஆளுகிறோம். ஆக, நம் கைக்கு வருவது ஒரு புத்தகத்தைப் பற்றிய கருத்தைப் பற்றிய சுருக்கம். மூன்று கை மாறிய சரக்கு.

சின்ன காஞ்சிபுரத்தில் நாங்கள் சிலர் நடத்துகிற படிப்பகத்துக்கு ஒரு மாணவி வருவார். முதுகலைப் படிப்புக்கு பௌத்தம் பற்றி சிறு ஆய்வேடு எழுதினார். "இந்த அம்பேத்கர் புத்தகம் அகவயமானது, ஆதாரமாகக் காட்டாதே, மதிப்புரைகள் புறவயமானவை, அதைக் காட்டு" என்று அவருக்கு வழிகாட்டியவர் சொல்லிவிட்டார். "அண்ணா, புத்தகத்த எடுத்துட்டு அதத் திட்டினத மட்டும் வெச்சிக்கணுமாம்" என்று வந்து நின்றார். எனக்கு இது புதிதல்ல. நாம் எழுதினால் அனுபவம், அவர்கள் எழுதினால் ஆய்வு. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோதும், இது இலக்கியமா வெறும் தன்கதையா என்று கேட்டவர்கள் உண்டு.

சரி, புறவயம் என்கிறார்களே, அதையே சோதித்துப் பார்ப்போம் என்று வரிவரியாக உட்கார்ந்தோம்.

நம்ம ஊர் பட்டுப் புடவையில் கோர்வை என்று ஒரு வேலை உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடாவில் ஓடுகிற இழைகளை ஊடு ஊடாகக் கோத்து நெய்வார்கள். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். நல்ல கோர்வையில் எங்கே உடல் முடிந்தது, எங்கே கரை தொடங்கியது என்று விரலால் தடவினாலும் தெரியாது. மதிப்புரையிலும் தகவலும் தீர்ப்பும் இப்படித்தான் கோத்திருக்கும். ரங்கூன் வரியை எடுங்கள். 'பிக்குகள் பின்னால் சேர்த்தவை என்று சொல்கிறார்' என்பது ஒரு இழை. புத்தகத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். முன்னுரையிலேயே அம்பேத்கர் நான்கு கேள்விகள் வைக்கிறார். கிழவர், நோயாளி, பிணம் பார்த்துத்தான் சித்தார்த்தர் வீட்டை விட்டுப் போனார் என்றால், 29 வயது வரை அவர் இதை எல்லாம் பார்க்கவே இல்லையா? நான்கு உண்மைகள் புத்தரின் மூல போதனையா, பிக்குகள் சேர்த்ததா? ஆன்மா இல்லை என்றால் கர்மமும் மறுபிறப்பும் எப்படி? பிக்கு என்பவர் தன்னை மட்டும் செம்மைப்படுத்துகிறவரா, சமூகத்தின் தொண்டரா? ஆக, தகவல் சரிதான். 'தனக்கு ஒத்துவராததால்' என்பது வேறு இழை. அது அம்பேத்கரின் மனசுக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்கிற வரி. அதற்கு எந்தப் பக்கத்தைப் புரட்டுவது? இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருப்பதால், முதல் இழையின் உண்மை இரண்டாவதற்கும் ஒட்டிக்கொள்கிறது.

'வெறுப்பின்மேல் நிற்கிறது' என்பதையும் பார்த்தோம். இது கருத்துதான், ஆனால் புத்தகத்தைக் கொண்டு உரசிப் பார்க்கக்கூடிய கருத்து. ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காக சாக்கியரும் கோலியரும் மோதுகிறார்கள், போர் வேண்டாம் என்று சித்தார்த்தர் சங்கத்தில் எதிர்த்து நிற்கிறார், அதனால்தான் வீட்டை விட்டுப் போகிறார் என்பது அம்பேத்கர் சொல்கிற கதை. கருணை மனிதர்மேல் வைக்கும் அன்பு, அதோடு நிற்காமல் எல்லா உயிர்மேலும் மைத்ரி வேண்டும் என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. இதை எல்லாம் தாண்டி எங்கே வெறுப்பு என்று மதிப்புரைக்காரர்தான் காட்ட வேண்டும்.

'ஆபத்தானது' என்ற சொல்லில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது: யாருக்கு? 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்கள் அண்ணலோடு பௌத்தம் ஏற்றார்கள். 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் பௌத்தர்கள் சுமார் 1.8 லட்சம், 1961இல் 32 லட்சத்துக்கு மேல். இந்த எண்களைப் பக்கத்தில் வைத்தால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வருகிறது.

இந்த இடத்தில் ஒரு தம்பி குறுக்கிட்டான். "எதுக்குண்ணா இவ்ளோ நோண்டறது? மகாபோதி சங்கத்துக்கு பல வருஷம் தலைவரா இருந்ததே ஜனசங்கத்த ஆரம்பிச்ச சியாமா பிரசாத் முகர்ஜி. அவ்ளோதான், முடிஞ்சிது." முகர்ஜி தலைவராக இருந்தது உண்மை. அவர் 1953இல் இறந்துபோனதும் உண்மை. எழுதியது யார், எந்த இதழ், யார் காசு என்பதைக் கேட்கத்தான் வேண்டும்; எங்கே தேட வேண்டும் என்று அது காட்டும். அங்கே என்ன கிடைக்கும் என்பதை அதுவே சொல்லாது. பேரைப் பார்த்து வரியைத் தள்ளுவது நமக்கு நடந்த அதே காரியம். மேற்கோள் இடங்கள் குறிக்கப்படவில்லை என்ற குறை அந்த முதல் பதிப்பில் உண்மையாகவே இருந்தது. இந்தியில் மொழிபெயர்த்த பதந்த ஆனந்த கௌசல்யாயன் பாலி மூலங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். குறை என்று எதிரி சொன்னாலும் குறை குறைதான்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது மேற்கிலிருந்து வந்த வித்தை என்று நினைக்க வேண்டாம். மணிமேகலை கடைசியில் வந்து சேர்வது கச்சி மாநகர், அதாவது நம்ம ஊர். அங்கே அறவண அடிகள் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது பூசையோ தவமோ அல்ல, அளவை. அறிவதற்கு வழி இரண்டே: நேரே காண்பது, கண்டதை வைத்துக் கருதுவது. நேரே காண்பதில் பெயர், சாதி, குணம், தொழில் என்று நாம் ஒட்டவைப்பதை எல்லாம் கழித்துவிட வேண்டும். (அங்கே சாதி என்றால் இனம், வகை. இருந்தாலும் படிப்பகத்தில் இந்த இடம் வந்தபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.) அப்புறம் போலிகள்: போலி மேற்கோள், போலி ஏது, போலி எடுத்துக்காட்டு என்று நீண்ட பட்டியல். இலக்கியப் பேராசிரியர்கள் வறட்டுப் பகுதி என்று தாண்டிப் போகிற காதை இது. எனக்கு அந்தக் காப்பியத்திலேயே பிடித்த இடம். 7ஆம் நூற்றாண்டில் சீன யாத்திரீகர் யுவான் சுவாங் நூறு சங்காராமங்களையும் பத்தாயிரம் துறவிகளையும் குறித்து வைத்த ஊர் இது. 1915இல் கோபிநாத ராவ் காமாட்சி கோயிலில் புத்தர் சிலைகள் இருந்ததை எழுதினார். வாதம் செய்து வாழ்ந்த ஊரில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

அம்பேத்கர் தானே ஒரு மதிப்புரை எழுதியிருக்கிறார், 1918இல், பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் சமூகப் புனரமைப்பு பற்றிய நூலுக்கு. போரை எதிர்த்து எழுதியதற்காக ரஸ்ஸல் சிறை போன வருஷம் அது. ரஸ்ஸல் என்ன சொல்கிறார் என்பதை முதலில் வைக்கிறார். போரை எதிர்க்கிறார் என்பதால் நம் ஊர் செயலின்மைத் தத்துவத்துக்கு ரஸ்ஸல் சாட்சி என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், அவர் சொல்வது அதுவல்ல என்று வாசகரைத் தடுக்கிறார். அதற்குப் பிறகுதான் தன் மறுப்புக்கு வருகிறார். பண ஆசை மனிதனைக் குறுக்கிவிடும் என்று ரஸ்ஸல் சொல்வதை ஏற்க மறுக்கிறார். பணத்தைப் பழிக்கும் பழமொழிகள் பஞ்சகாலத்தில் பிறந்தவை, எதற்காகப் பணம் தேடுகிறான் என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறார். மறுப்பு முழுக்க அவருடைய பார்வைதான். ஆனால் ரஸ்ஸல் சொன்னது எது, தான் சொல்வது எது என்று நமக்குக் குழப்பமே வராது. அகவயம் குற்றமில்லை. தகவல் வேஷம் போட்டு வருவதுதான் தகராறு.

நம் பத்திரிகைகளில் வரும் மதிப்புரைகளும் இதற்குத் தப்பவில்லை. 'ரத்தமும் சதையுமான பதிவு' என்று எழுதிவிட்டால் முடிந்தது என்று இருக்கிறோம். அந்த வரியை எந்தப் புத்தகத்துக்கும் ஒட்டலாம். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது சுந்தர ராமசாமி அதை மிக உயரத்தில் வைத்தார். ராஜ் கௌதமன் கடுமையாக மறுத்தார். புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை, ஆரோக்கியம் என்ற பெண், சேரிக்காரர்களுக்குத் துணி வெளுத்து வாங்கும் சோறு: இதிலெல்லாம் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள் இருக்கிற ஒடுக்குமுறையை இப்படிக் காட்டினால் அது யாருக்கு உதவும் என்பதில்தான் சண்டை. அது அளந்து தீர்க்கிற விஷயம் இல்லை, பேசித் தீர்க்க வேண்டியது. எங்க படிப்பகத்தில் அதில் இரண்டு கட்சி இருக்குது, இன்னும் தீரல.

அந்த மாணவி ஆய்வேட்டில் அம்பேத்கர் நூலையும் வைத்தார், 1959 மதிப்புரையையும் வைத்தார். மதிப்புரையிலிருந்து எடுத்த ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் நூலில் பக்க எண் போட்டார். இரண்டு வரிக்கு மட்டும் போட முடியவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டுக் கொடுத்துவிட்டார்.