ஜப்பானிய நகரப் பெயர்கள்

713-ஆம் ஆண்டில் அரசவை, ஊர்ப் பெயர்களை மங்கலமான எழுத்துகளால் எழுதுமாறு ஆணையிட்ட காலந்தொட்டு, ஜப்பானிய நகரங்களின் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு சீன எழுத்துகளால் அமைந்து, நிலத்தின் இயல்பையோ அரசியல் சரித்திரத்தையோ தம் அர்த்தத்தில் தாங்கி நிற்கின்றன. 794-இல் ஹெய்யான்-கியோ, அதாவது சாந்தித் தலைநகர், என ஸ்தாபிக்கப்பட்ட கியோட்டோ, பிற்காலத்தில் ‘தலைநகரம்’ என்னும் பொதுப்பொருளிலேயே வழங்கலாயிற்று. எடோ என்ற பழம்பெயர் கொண்ட நகரமோ, 1868-இல் ‘கீழ்த்திசைத் தலைநகர்’ எனப் பொருள்படும் டோக்கியோ என்று நாமகரணம் பெற்றது. ஓட்டா நதியின் கழிமுகத்தில் 1589-இல் கோட்டை கட்டத் தொடங்கப்பெற்ற ஹிரோஷிமா ‘அகன்ற தீவு’, நாகசாகி ‘நீண்ட முனை’, ஒசாகா ‘பெருஞ்சரிவு’. வடக்கே ஹொக்கைடோவிலுள்ள சப்போரோ, ஆதிக்குடிகளாகிய ஐனு மக்களின் பாஷையில் தோன்றி, சீன எழுத்துகளை ஒலிக்காக மட்டுமே ஏற்றதாதலின், அவற்றின் அர்த்தத்தைக்கொண்டு அதன் மூலத்தை நிச்சயித்தல் பொருந்தாது.